மிஷன் நர்ஸுக்குத் தலைப்பிள்ளை: கொழும்பு வீட்டுக்குச் சில குறிப்புகள்

நாகர்கோவிலிலிருந்தோ வேலூரிலிருந்தோ கடல் கடந்து வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு அறை எடுத்து, மிஷன் கிளினிக்கில் ஊழியம் பார்க்கிற நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மகப்பேறு பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை; அதை நீங்கள் படித்துத்தான் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஊர்தான் புதிது. அதோடு, ஊரார் பிரசவத்துக்கெல்லாம் ஓடுகிற நர்ஸ், தன் வயிற்றில் பிள்ளை என்றால் மட்டும் அதைக் கடைசி வரிசையில் வைப்பாள். கொழும்பு வார்டுகளில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

1. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் முதலில் சொல்ல வேண்டியது மிட்வைஃபிடம். "மூன்று மாதம் போகட்டும், பிறகு சொல்லலாம்" என்கிற வழக்கத்தைச் சொந்தக்காரரோடு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இரண்டும் கொழும்பு மாநகர சபைக்குள் வருவதால், சபையின் தாய் சேய் கிளினிக்கில் விசாரித்தால் உங்கள் வீதிக்குரிய மிட்வைஃப் யார் என்று சொல்வார்கள். அங்கே தருகிற கர்ப்பிணிப் பதிவேட்டை எச் 512 என்பார்கள். எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் முதலில் கேட்பது அதைத்தான். பக்கங்களைப் போனில் படம் எடுத்து, கணவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

"நானே நர்ஸ், எனக்கெதற்கு கிளினிக் வரிசை?" என்று தோன்றினால் ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1909இல் வேலூரில் நர்ஸிங் பள்ளி வந்ததும், 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியானதும் அதன் பிறகு நடந்தவை. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷன் வைத்தியர். பிள்ளைத்தாச்சிகளுக்காகவே வளர்ந்த இந்தப் பரம்பரையில் வந்தவர், தன் கிளினிக் நாளைத் தவறவிடுவது சரியில்லை.

2. எந்த ஆஸ்பத்திரி என்பதை ஐந்தாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். வெள்ளவத்தைக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரி கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருந்தால் பொரளைப் பக்கம் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி, அல்லது டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரி. டி சொய்சா 1879இல் தொடங்கியது, கொழும்பின் மிகப் பழைய பிரசவ ஆஸ்பத்திரி. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு, காப்புறுதி செல்லுமா என்பதை நேரில் போய்க் கேளுங்கள். பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை விடுவார்களா என்பதையும் அதே பயணத்தில் கேட்டுவிடலாம். கூட வேலை பார்க்கிறவர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். அவருடைய அனுபவம் வேறு வருஷத்தினது.

3. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். ஊருக்குப் போவதா, அம்மாவை இங்கே கூப்பிடுவதா என்பதை 24ஆம் வாரத்துக்கு முன் பேசி முடியுங்கள். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் வைத்தியரின் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குப் பின் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். போவதென்றால் எச் 512, ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகை எழுதிய தாள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், இருக்கிற இடத்திலேயே பெறுவது நல்லது. எட்டு மாதம் ஒரே இடத்தில் பார்த்த பிறகு, ஒன்பதாம் மாதத்தில் முன்பின் தெரியாத வைத்தியரிடம் போய் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவைக் கூப்பிடுங்கள். விசா எத்தனை நாளுக்கு என்பதை மட்டும் முதலிலேயே பார்த்து, பிள்ளை பிறக்கும் நாள் அதன் நடுவில் விழும்படி டிக்கெட் எடுங்கள்.

4. மிஷனோடு பேசும்போது கூச்சம் வேண்டாம். இலங்கைச் சட்டத்தில் மகப்பேற்று விடுமுறை 84 நாள். 1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு: பிள்ளை காப்பகம் உள்ள இடத்தில் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். ஆனால் "ஊழியர்" என்ற பெயரில் வந்தவர்களுக்குச் சில இடங்களில் வேலை ஒப்பந்தமே இருக்காது. ஆகவே எந்தத் திகதியில் விடுமுறை தொடங்கும், அந்த மாதங்களில் படி கிடைக்குமா, குடியிருக்கும் அறை உங்களுக்கே இருக்குமா என்ற மூன்றையும் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று போதகர் சொன்னால், ஆமென் சொல்லிவிட்டுக் கடிதத்தையும் கேளுங்கள்.

5. வார்டில் எந்த வேலையை மாற்றிக் கேட்பது:
எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேண்டாம். புற்றுநோய் மருந்து கலப்பது வேண்டாம். கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்த பிள்ளையின் அறைக்குள் போக வேண்டாம். உங்களுக்கு முன்பு வந்திராவிட்டால், அருகில் போய்விட்டது தெரிந்த அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள், காத்திருக்கிற விஷயமல்ல அது. சளியில் காசநோய்க் கிருமி உள்ளவர்களைப் பார்க்கும் முறையும் வேறொருவருக்குப் போகட்டும். படுக்கையிலிருக்கும் பெரிய ஆளைத் தனியே புரட்டாதீர்கள். இரவு முறையை ஏழாம் மாதத்தோடு நிறுத்தக் கேட்பது நியாயமான கோரிக்கை. கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறேன். கேட்டதற்காக ஊழியம் குறைந்துபோன ஒருத்தியையும் கண்டதில்லை.

6. மருந்து அலுமாரிச் சாவி உங்கள் கையில் இருக்கலாம். அதிலிருந்து உங்களுக்கென்று ஒரு குளிசைகூட எடுக்காதீர்கள். தலையிடி வந்தால் தானே பிரஷர் பார்த்து, "கொஞ்சம்தான் கூட" என்று தானே தீர்ப்புச் சொல்லி, தானே படுத்துக்கொள்வது நர்ஸ்மாரின் பழைய நோய். அளப்பதும் முடிவு சொல்வதும் இன்னொருவர் வேலையாக இருக்கட்டும். கிளினிக்கில் "நானும் ஸ்டாஃப்தான்" என்று சொல்லி வரிசையை முந்தினால் பரிசோதனையும் பாதியில் முடிந்துவிடும். "உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்" என்று அனுப்பிவிடுவார்கள். வரிசையிலே இருந்து முழுதும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

7. காலைக் குமட்டலுக்கு: கட்டில் பக்கத்தில் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் தண்ணீரும். எழும்ப முன் இரண்டு பிஸ்கட். தேசிக்காயை நறுக்கி உப்புத் தொட்டு முகர்ந்தாலே சிலருக்கு நிற்கும். இஞ்சி பிஸ்கட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிற நேரம் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வாருங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கடும் நிறமாகிவிட்டது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. இரும்புச்சத்துக் குளிசையையும் பிளேன் டீயையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கொழும்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணீர் வரும், மறுக்கவும் முடியாது. அதனால் குளிசையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்க முன், தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். கல்சியம் குளிசை பகலில். தேத்தண்ணீர் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ.

9. திரிபோஷா கிடைத்தால் வாங்கி மூலையில் வைக்காதீர்கள். சோளம், சோயா, பால்மா சேர்ந்த இந்தச் சத்துமா 1973 முதல் இங்கே தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது, விற்பதற்கல்ல. ஒரு கப் மாவுக்குக் கால் கப் துருவிய தேங்காய், கருப்பட்டி சீவல், ஒரு சிட்டிகை உப்பு. சுடுதண்ணீரைத் தெளித்துத் தெளித்து உருண்டை பிடியுங்கள். தேங்காய் சேர்ந்தால் அன்றன்றே முடிக்க வேண்டும். பிற்பகல் முறைக்குப் போகிறவர்கள் நான்கு உருண்டையை டப்பாவில் கொண்டுபோகலாம். திரிபோஷா இல்லாவிட்டால் அவித்த கௌபியும் ஒரு பிடி கச்சானும் போதும். கிளினிக் வாசல் ரோல்ஸும் பற்றிஸும் வாரத்தில் ஒரு நாள் ஆசைக்கு.

10. மீன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வீட்டுக்கார அன்ரிக்கு இது பிடிக்காது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம், சுவைக்கும் குறையில்லை. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளருகிற மீன். அதன் சதையில் பாதரசம் சேரும். வயிற்றில் இருக்கிற காலத்திலும் பால் கொடுக்கிற காலத்திலும் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பெரிய தளப்பத்துக்கும் இதுவே பொருந்தும். வெள்ளவத்தைச் சந்தையில் சூடை, நெத்தலி, கீரி, விளைமீன் வாங்குங்கள். சிறிய மீனை முள்ளோடு நன்றாக அவித்தால் கல்சியமும் சேரும். புட்டு வேண்டுமென்றால் விளைமீனை அவித்து உதிர்த்து, அதே உள்ளி, அதே மிளகு, அதே வெங்காயம் போட்டுச் செய்யுங்கள். பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி குடிப்பதால்தான் என்று அன்ரிக்குச் சொல்ல வேண்டாம். புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையை அணையுங்கள்.

11. டெங்கு. கொழும்பில் இதை இலேசாக எடுக்க முடியாது. மே தொடங்கிப் பெய்யும் தென்மேல் பருவத்திலும் வருஷக் கடைசி மழையிலும் கூடும். சாக்கடையைப் பார்க்கிறோம், வீட்டுக்குள் பார்க்க மறக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் அடியில் தண்ணீர் விழுகிற தட்டு இருக்கும். வாரம் ஒருமுறை இழுத்து ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். ஏசி தண்ணீர் வடிகிற வாளி, பால்கனிப் பூச்சட்டித் தட்டு, ஜெப மேசையின் பூச்சாடி, பூட்டிக் கிடக்கும் பக்கத்து அறையின் கழிவறைத் தொட்டி எல்லாம் பட்டியலில் சேரும். இந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும், விடிந்ததும் பொழுதுபடவும் அதிகம். பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரினும் புரூஃபனும் தொடவே கூடாது. மூன்றாம் நாள்வரை பார்ப்போம் என்பது மற்றவர்களுக்கான பேச்சு. பிள்ளைத்தாச்சி முதல் நாளே போய் இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் விட்ட நாளில் "சுகம்" என்று முறைக்குப் போகாதீர்கள், டெங்குவில் அதுதான் பயப்பட வேண்டிய நாள்.

12. வீடு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிஃப்ட் இருக்கிறது என்பதற்காக ஆறாம் மாடியை எடுக்காதீர்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்று கேளுங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற ஊர் இது. கடலோர வீட்டில் உப்புக்காற்று எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். பிள்ளையின் துணியில் குத்த வாங்கிய ஊசிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், அல்லது நாடா கட்டுகிற துணியாகவே தையுங்கள். வேலை உடுப்பைக் குளியலறையிலேயே கழற்றித் தனி வாளியில் ஊறவைப்பது இப்போதே பழகட்டும்.

13. காலி வீதியில் 100, 101 பஸ்கள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் நிற்கும் முன்னமே புறப்படும். கர்ப்பிணித் தாய்மாருக்கென்று ஆசனம் உண்டு. அதற்கு முன்னால் மதகுருமாருக்கான ஆசனம். வயிறு வெளியே தெரியாத முதல் மாதங்களில்தான் தலைசுற்று அதிகம், அப்போதும் அந்த ஆசனத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாயில் சனம் நெரியும். கடைசி மாதங்களில் வேறொரு நாள் போங்கள், அந்தோனியார் கோபிக்கமாட்டார்.

14. உபவாச ஜெபத்தில் உட்காருங்கள், உபவாசம் இருக்க வேண்டாம். தபசு காலத்துக்கும் அதுதான். முழுஇரவு ஜெபத்துக்கு ஏழாம் மாதத்துக்குப் பின் விடை கொடுங்கள். முழங்காலில் நீண்ட நேரம் நின்றால் கால் மரத்து, எழும்பும்போது விழுகிற ஆபத்து உண்டு. கதிரையில் இருந்தபடி ஜெபியுங்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளில் வீடு சந்திக்கப் போகிறவர்கள் செங்குத்தான மரப்படி ஏறாமல், அந்த வீட்டுக்காரரைக் கீழே கூப்பிட்டுப் பேசலாம். அவர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், கதிரை கொண்டுவந்து போடுவார்கள்.

15. அன்ரிமாரின் புத்திமதி வெள்ளமாக வரும். வெள்ளவத்தையில் வீடு வாடகைக்குக் கொடுக்கும் அம்மாமார் பலர் யாழ்ப்பாணத்தவர். இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரியிலோ மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியிலோ பிறந்தவர்கள், இரண்டும் மிஷன் கட்டியவை. மானிப்பாயின் டாக்டர் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார். ஆகவே அவர்கள் சொல்வதில் பாதி பாட்டி வைத்தியம், பாதி பழைய மிஷன் நர்ஸ் சொன்னது. பிரித்தெடுப்பது உங்கள் பொறுப்பு. பழுத்த பப்பாளி சாப்பிடலாம், காயைத் தவிருங்கள். குங்குமப்பூவால் நிறம் வராது, காசுதான் போகும். "பிள்ளை, இரண்டு பேருக்குச் சாப்பிடும்" என்பார்கள். நம்மவர்களுக்குச் சீனி வருத்தம் சுலபமாக வருகிறது, 24இலிருந்து 28 வாரத்துக்குள் சீனிச் சோதனையைச் செய்துவிட்டுச் சோற்றின் அளவைத் தீர்மானியுங்கள். "பாரம் தூக்காதையும்" என்று சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் கேளுங்கள்.

16. பிரசவ அறையில் உங்களோடு பேசுகிறவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். வலி உச்சத்தில் படித்த ஆங்கிலமும் மறந்துபோகும். ஐந்து வாக்கியம் இப்போதே வாய்க்கு வரட்டும். ரிதெனவா என்றால் நோகிறது. லே யனவா என்றால் இரத்தம் போகிறது. வத்துர கியா என்றால் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. பபா ஹெல்லென்னே நே என்றால் பிள்ளை அசையவில்லை. தெமள கத்தா கரன கெனெக் இன்னவத என்றால் தமிழ் பேசுகிற ஆள் இருக்கிறாரா.

17. பிள்ளையின் அசைவை 28 வாரத்திலிருந்து கவனியுங்கள். எப்போது துள்ளும், எப்போது அடங்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறு. வழமையைவிடக் குறைந்தாலோ, 12 மணி நேரத்தில் பத்து அசைவு சேராவிட்டாலோ அப்போதே போங்கள். முறையில் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் அசைவு உறைக்காது. அதற்கென்று இடது பக்கம் சரிந்து படுத்துக் கவனிக்க நேரம் ஒதுக்குங்கள். இரத்தம், நீர் கசிவு, விடாத தலையிடி, கண் மங்கல், முகம் வீங்குதல் என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

18. ஆஸ்பத்திரிப் பையை 34ஆம் வாரத்தில் கட்டி வாசலில் வையுங்கள்: எச் 512, பாஸ்போர்ட் பிரதி, முன்பக்கம் திறக்கிற இரண்டு கவுன், பெட்சீட், பிளாஸ்க், கோப்பை, பிள்ளைக்கு வெள்ளைத் துணிகள், தொப்பி, காலுறை. பழைய கைத்தறிச் சேலையைத் துவைத்துச் சதுரமாக வெட்டினால் அதைவிட நல்ல துணி கடையில் இல்லை. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ். இலவசம், 2016இல் இந்திய உதவியோடு தொடங்கியது. வீட்டு இலக்கத்தோடு பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளம் சொல்லி, எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பேசப்போவது பதறுகிற உங்கள் கணவர்.

19. பத்தியச் சரக்கை முன்கூட்டியே அரைத்து வைக்கலாம். அரைக் கப் மல்லி, ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஒரு மேசைக்கரண்டி நற்சீரகம், விரலளவு மஞ்சள், விரலளவு வேர்க்கொம்பு (சுக்கு). வெயிலில் காயவைத்து, மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டு அரைத்துப் போத்தலில் அடையுங்கள். உள்ளி கறி வைக்கும்போது. மீனுக்கும் கோழிக்கும் முருங்கைக்காய்க்கும் இந்த ஒரே தூள். அளவு வீட்டுக்கு வீடு மாறும், சண்டை வேண்டாம். இலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பதென்றால், வயிறு வெட்டிப் பெற்றவர்கள் காயத்தின் மேல் கொதிநீர் ஊற்ற விடாதீர்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற பத்தியத்தை மட்டும் ஏற்காதீர்கள்.

20. பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சீனித் தண்ணீர், தேன், உரைத்த வசம்பு எதுவும் நாக்கில் படக்கூடாது; தேன் ஒரு வயதுவரை வேண்டாம். தொப்புளில் ஒன்றும் பூசாமல் உலரவிடுங்கள். பிசிஜி ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்புவார்கள். அட்டையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். மழை நாளில் துணி காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை ஸ்திரிக்கைப் பெட்டியால் இரு பக்கமும் அழுத்துங்கள்.

21. காகிதங்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவாளரிடம் போகும்போது தாய் தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். முதலெழுத்து முன்னா பின்னா என்பதில்தான் பிறகு அலைச்சல். இங்கே பிறந்ததால் பிள்ளை இலங்கைப் பிரசை ஆகிவிடாது. தாய் தகப்பன் இந்தியர் என்றால் ஒரு வருஷத்துக்குள் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பிறகு இங்கே தங்க விசா. பாஸ்போர்ட் படத்துக்கு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைப் பெட்சீட்டை மடிப்பில்லாமல் விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, மேலிருந்து எடுங்கள். பிடிக்கிற கை படத்தில் விழக்கூடாது. பால் குடித்தவுடன் தூங்கிவிடும், பசித்தால் அழும். இடையில் ஒரு ஐந்து நிமிடம் கிடைக்கும், அதற்குள் எடுத்துவிடுங்கள்.